ரொட்டிப் பெட்டிக்குள் ஒரு பூட்டு

— மறைக்காம சொல்லிடு வெண்டல். இந்தப் பூட்ட ரொட்டிப் பெட்டிக்குள்ள எதுக்கு வச்ச?

— எந்தப் பூட்டு? க்ரெட்சென், நான் இப்பத்தான் லாரிய விட்டு எறங்கி வர்றேன். கையக் கழுவ விடு முதல்ல. இந்த டிராக்டர் கிரீஸ் சோப்புக்கே அடங்க மாட்டேங்குது.

— கழுவிக்கிட்டே சொல்லு. இத பாரு, நம்பர் சுத்தித் தொறக்கற பூட்டு. பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க அலமாரிக்குப் போடறது. காலையில ரொட்டி எடுக்கப் போனா கையில தட்டுப்படுது.

— சத்தியமா நான் வைக்கல.

— சரி. பஸ் நேரம் போட்ட தாள்? அது எப்படி என் தையல் கூடைக்குள்ள வந்துச்சு?

— அதுவும் நான் இல்ல. நீதான் வச்சிருப்பன்னு நெனச்சேன்.

— என் கூடையில நானே எதுக்கு வச்சுக்கப் போறேன்?

— எனக்கு எப்படித் தெரியும் அம்மணி? ஜூன் பொறந்தா இந்த வீட்டுல எது எங்க கெடக்கும்னு எவன் கண்டான்? குளியலறையில உலக வரைபடம். முட்டைக் கூடை மேல பூதக்கண்ணாடி. அன்னைக்கு என் பூட்ஸுக்குள்ள கூழாங்கல்லு. இன்னும் பெருவிரல் நீலமா இருக்கு.

— அந்தக் கல்ல சின்னவ ஃபெர்னுக்காக ஜன்னல்ல வச்சிருந்தேன். உருண்டு விழுந்திருக்கும். கோடையில வந்து உக்காரு, பாடம் படின்னா எந்தப் பிள்ளை உக்காரும்? கண்ணுல படற மாதிரி போட்டு வச்சா தானா எடுக்கும். எட்டு வருஷமா இப்படித்தான ஓட்டறோம்? ரெண்டு கல்லு பொறுக்கிட்டு வந்து எரிமலைப் பாடம் வரைக்கும் போயிட்டா ஃபெர்ன். ஏழு வயசு!

— நான் கொறை சொன்னேனா? வச்சவங்க வாயத் தொறக்கக் கூடாது, எடுத்தவங்க ஏன்னு கேக்கக் கூடாது. உன் சட்டம்தான? அதனாலதான் நானும் மூணு வாரமா உன்கிட்ட கேக்கல.

— எத கேக்கல?

— இதத்தான். நீ வீட்டுலயே பாடம் சொல்லிக்குடுத்துக் களைச்சுட்ட. பிள்ளைங்கள டவுன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிடலாம்னு நெனக்கற. வாயால சொல்ல வரல. அதான் பஸ் தாளும் புது நோட்டும் பென்சிலுமா எனக்குப் போட்டு வைக்கறியோன்னு நெனச்சேன்.

— நானா? வெண்டல், நானா? நீ வைக்கறதா நெனச்சு நான் ராத்திரி தூக்கமில்லாம கெடக்கேன்! ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின விருந்துல உங்கக்கா டோரீன் அத்தனை பேர் முன்னாடி சொன்னாளே, பிள்ளைங்கள கோழிக்கூண்டுல அடைச்சு வளக்கறான்னு. நீ சோளத்தக் கடிச்சுக்கிட்டு பேசாம உக்காந்திருந்த. அதுக்கடுத்த வாரம்தான் அந்தத் தாள் வந்துச்சு. இவனும் அவ கட்சிக்குப் போயிட்டான்னு முடிவே பண்ணிட்டேன்.

— டோரீன் பேசறப்ப எவன் பேச முடியும்? வாய்ல சோளம் இல்லன்னாலும் நான் சும்மாத்தான் இருப்பேன். நான் பொறந்ததுலேர்ந்து அப்படித்தான்.

— சிரிக்காத. அப்ப அந்த மஞ்சள் டிபன் பெட்டி? அதுவும் யாரோ வச்சதா?

— அது... அது நான்தான்.

— பாத்தியா!

— இரு இரு. நீ இத்தனை வைக்கறியே, சரின்னு ஒரு பதில் சொல்லணும்ல? வாயத் தொறக்கக் கூடாதே. அதனால ஃபெர்னுக்கு ஒரு டிபன் பெட்டி வாங்கி மேசையில வச்சேன். எனக்குச் சம்மதம்தான்னு அர்த்தம்.

— கடவுளே. அதப் பாத்துட்டுத்தான் நான் உன் லாரி சீட்டுல பாட நோட்ட வச்சேன். பென்சில்வேனியாவுல வருஷத்துக்கு நூத்தி எம்பது நாள் பாடம் நடந்ததுக்குக் கணக்குக் காட்டணும்னு நான் ஒவ்வொரு நாளா எழுதினது. எவ்வளவு செஞ்சிருக்கேன்னு பாருடா, பாத்துட்டு மனசு மாறுன்னு.

— நான் அத உக்காந்து முழுசா படிச்சேன். இவ்வளவு வேலையா, பாவம் ஒடிஞ்சு போயிருக்கான்னு மறுநாளே பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டேன்.

— எங்க போன?

— பள்ளிக்கூடத்துக்கு. எடம் இருக்கான்னு கேக்கத்தான். கிரீஸ் சட்டையோட நின்னேன். அங்க இருந்த அம்மா கொதிகலன் ரிப்பேருக்கு வந்தியான்னு கேட்டுச்சு. கோவிக்காத. பாதியிலேயே வந்துட்டேன். மனசு கேக்கல.

— எனக்குத் தெரியாம போயிருக்க. வெள்ளிக்கிழமைக்குள்ள கல்வி அலுவலகத்துக்குக் காகிதம் போகணும், இந்த வருஷமும் வீட்டுலயேதான் சொல்லிக்குடுக்கறோம்னு. ஃபிரிட்ஜ் மேல மாட்டி ரெண்டு வாரமாச்சு. நீ சொல்லுவ, நீ சொல்லுவன்னு நான் கையெழுத்தே போடல.

— நீ போடாததப் பாத்துத்தான் நானும்... சரி விடு. நானும் வைக்கல, நீயும் வைக்கல. அப்ப யாரு?

— ஃபெர்ன் இல்ல. அவளுக்கு ஒரு ரகசியம் அஞ்சு நிமிஷம் தாங்காது.

— அப்ப மூத்தவ. டெஸ்ஸா.

— டெஸ்ஸாவா? அந்தக் கத்திய எடு, பீன்ஸயாவது நறுக்கறேன்.

— க்ரெட்சென், உக்காரு. பீன்ஸ நான் நறுக்கறேன், குடு.

— பதிமூணு வயசு. போகணும்னு தோணியிருக்கு, சொல்லத் தெரியல. நான் கத்துக்குடுத்த மாதிரியே பாக்கற எடத்துல போட்டு வச்சிருக்கா. நாமளே கண்டுபிடிக்கட்டும்னு. இத பாரு, எனக்குப் பெருமைப்படறதா அழறதான்னே தெரியல. நான் அவளுக்குப் போதலையா வெண்டல்?

— போதாதா? அவளுக்கு எழுத்து சொல்லிக்குடுக்கத்தான நீ நர்ஸ் படிப்பையே விட்ட? இன்னும் ஒரே வருஷம் பாக்கி இருந்துச்சு.

— அத இப்ப எதுக்கு இழுக்கற? அது செத்துப்போன கதை.

— செத்துப்போன கதைன்னு யாரு சொன்னா? நேத்துகூட அந்த மனுஷ உடம்பு எலும்புப் புத்தகத்தப் படிச்சுக்கிட்டு நின்னு பீன்ஸ கரிய விட்ட.

— அது குளியல் தொட்டி ஓரத்துல கெடந்துச்சு. டெஸ்ஸா நூலகத்துலேர்ந்து எடுத்திருப்பா. அவளுக்கு சொல்லிக்குடுக்கலாம்னு சும்மா பொரட்டினேன். அவளக் கூப்பிடு. நான் அழ மாட்டேன்.

— டெஸ்ஸா! டெஸ்ஸாக் கண்ணு! கொஞ்சம் உள்ள வா!

— என்னப்பா? ஃபெர்னும் நானும் கோழிய எடை போட்டுக்கிட்டு இருக்கோம். சேவல் நிக்கவே மாட்டேங்குது.

— சேவல விடு. டெஸ்ஸா, இத பாரு. இந்தப் பூட்ட நீதான வச்ச?

— அம்மா! சட்டப்படி நீ கேக்கக் கூடாது.

— சட்டத்த நான்தான் போட்டேன், நானே எடுத்துட்டேன். கோவமே இல்லம்மா. உனக்குப் பள்ளிக்கூடம் போகணும்னா நேரா சொல்லு. உன் வயசுப் பிள்ளைங்க, மணி அடிக்கறது, எல்லாம் வேணும்னு தோணும், தப்பில்ல. இந்தக் காகிதத்தக் கிழிச்சுப் போட்டுடறேன். நானே கொண்டு போய் சேத்து விடறேன்.

— கிழிக்காதம்மா! பள்ளிக்கூடம் போகணும்னு நான் எப்பம்மா சொன்னேன்?

— பஸ் தாள் வச்சியே.

— அது டவுன் பஸ்ஸும்மா. பள்ளிக்கூடத்து பஸ்னா மஞ்சளா வாசல்லயே வந்து நிக்கும், அதுக்குத் தாள் எதுக்கு?

— எனக்கு ஒண்ணும் புரியல. வெண்டல், உனக்கு?

— எனக்கு சேவல் வரைக்கும் புரிஞ்சுச்சு.

— அப்பா, நீயா பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேட்ட? ஃபெர்ன் சொன்னா, உன் சட்டைப்பையில அங்கேர்ந்து ஒரு தாள் இருந்துச்சுன்னு. நான் அழுதுட்டேன் தெரியுமா? எங்கள அனுப்பப் போறீங்கன்னு. எனக்கு எங்கயும் போக வேணாம். காலையில என் பாடத்த நானே படிச்சுக்கறேன், அம்மா கத்துக்குடுத்ததே அதத்தான. செவ்வாயும் வியாழனும் மதியத்துல ஃபெர்ன நான் பாத்துப்பேன். மத்த நாளு எப்பவும் போல.

— செவ்வாய், வியாழன் என்ன?

— பஸ் தாள்ல பென்சில்ல வட்டம் போட்டிருந்தேனே, பாக்கலையா? மதியம் ஒண்ணேகாலுக்குப் போயி அஞ்சரைக்குத் திரும்பி வர பஸ்.

— வட்டத்தப் பாத்தேன். உங்கப்பா போட்டதுன்னு நெனச்சேன். பூட்டு?

— துணி மாத்தற அறையில பூட்டு இல்லாம உன் காலணி காணாமப் போச்சுன்னு நீதான சொல்லுவ? சாக்ஸோட மாடி மாடியா ஓடுனேன்னு?

— அது ஆஸ்பத்திரியில. நான் நர்ஸ் பயிற்சிக்குப் போனப்ப...

— ஆமா. டவுன்ல அந்த நர்ஸ் வகுப்பு செவ்வாயும் வியாழனும் மதியம்தான்.

— டெஸ்ஸா, அது எப்பவோ. எனக்கு இப்ப அதெல்லாம் வேணும்னு உனக்கு யாரு சொன்னது?

— யாரும் சொல்லலம்மா. நீ எடுக்கலைன்னா பேசாம விட்டுடணும்னுதான் இருந்தேன், அதுதான சட்டம். ஆனா குளியல் தொட்டி ஓரத்துல நான் வச்ச அந்த எலும்புப் புத்தகத்த நீதான எடுத்துட்ட? பத்து நாளா அது உன் தலகாணிக்கு அடியிலதாம்மா இருக்கு.