ஜனவரியில ஏத்தின வேகம்

...முடியாதுன்னு நான் சொல்லலண்ணே. முடியும். ப்ராசஸர் நல்லதுதான், இன்னும் கொஞ்சம் வேகமா ஓடும். நான் யோசிக்கிறது அது உக்காந்திருக்கிற மதர்போர்டை. இந்தா பாருங்க, பக்கத்துல கறுப்பா சின்னச் சின்னதா வரிசையா இருக்கே, ப்ராசஸருக்குக் கரண்டை அளந்து குடுக்குறது இதுங்கதான். வெல கூடுன போர்டுல இதுக்கு மேல ஒரு அலுமினியக் கட்டி இருக்கும், சூட்டை வாங்கிக்க. உங்களுதுல மொட்டையா கெடக்கு.

டீ ஆறுது, குடிங்க. சக்கரை அடியில கெடக்கும், கலக்கிக்கங்க.

வேகத்தை ஏத்துறதை வீடியோல பாத்தீங்களா? அவங்க ஊர்ல ஜன்னலுக்கு வெளிய பனி கொட்டுதுண்ணே. நம்ம பாக்தாத்துல இந்த மாசம் குழாயத் தொறந்தா வெந்நிதான் வருது.

செய்யுறதுக்கு ஒரு மொறை இருக்கு. வோல்டேஜ்ல கை வெக்காம வேகத்தை மட்டும் ஒரு படி ஏத்தணும். மணிக்கணக்கா முழு வேலை குடுத்து சூட்டைப் பாத்துக்கிட்டே இருக்கணும். தாங்குச்சுன்னா அடுத்த படி. தாங்கலன்னா ஒரு படி எறங்கி அதோட நிறுத்திக்கணும். இந்த மொட்டை எடத்துக்கு நேரா ஒரு சின்ன ஃபேன். சோதிக்கிறதையும் உச்சி வெயில்ல, ஏசி போடாம சோதிக்கணும். பொறுமை இருக்கிறவன் வேலை இது.

எனக்கா? அப்ப இல்ல.

வீட்டுக்காரிக்குச் செஞ்சு குடுத்தேன். விதாத். கட்டடம் வரையுறவ. ஏழு வருஷம் முன்னால மோசூல்ல, ஆத்தங்கரையில, சண்டையில இடிஞ்சுபோன பள்ளிக்கூடத்தைத் திரும்பக் கட்டப் போட்டி ஒண்ணு வெச்சாங்க. அவ அம்மா படிச்ச பள்ளிக்கூடம். எட்டு மாசம் வரைஞ்சா. பள்ளிக்கூட முத்தம் பூரா மரம். எந்த நேரத்துக்கு எந்த மரத்து நெழல் எங்க விழும்னு ஒண்ணொண்ணா பாத்து நட்டா. புள்ளைங்க நெழலைப் பாத்தே இடைவேளை எப்பன்னு தெரிஞ்சுக்கணுமாம். ஆமா, நானும் அதைத்தான் சொன்னேன், ரொம்ப அழகா இருக்குன்னு.

வரைஞ்சதைப் படமா எடுக்க எங்க கம்ப்யூட்டர் பதினோரு மணி நேரம் இழுத்துச்சு. ஊருக்கெல்லாம் பண்றியே நுஃமான், எனக்கும் கொஞ்சம் வேகமாக்கிக் குடேன்னு கேட்டா. ஜனவரி மாசம். இதே மாதிரி மொட்டை போர்டு. வேகத்தையும் வோல்டேஜையும் ஒரே மூச்சுல ஏத்துனேன். ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு பத்து நிமிஷம் ஓட்டிப் பாத்தேன். ஓடுச்சு. அவளுக்கு மூணு மணி நேரம் மிச்சம். எங்கம்மாவுக்குப் போன் போட்டு என்னைப் பெருமையா சொன்னா.

கெடு வந்தது ஜூலையில. கடைசி மூணு நாள். நாலு மணி நேரம் ஓடும், பட்டுன்னு அணைஞ்சிரும். மறுபடி மொதல்லேருந்து. கரண்டு மேல பழியப் போடலாம்னா தலைக்கு மேல ஃபேன் சுத்திக்கிட்டே இருக்கு. ரெண்டாம் நாள் எங்கிட்ட வந்து நின்னா. நான் சொன்னேன், மிஷின்ல ஒண்ணும் இல்ல விதாத், நீ வரைஞ்சதுதான் ரொம்பக் கனம், மரத்தைக் கொறை.

அவ உக்காந்து ஒண்ணொண்ணா அழிச்சா. மூணு மரம் மிஞ்சிச்சு. அன்னைக்கு அணையாம ஓடி முடிஞ்சிருச்சு. பாத்தியா, நீ சொன்னதுதான் சரின்னா.

இல்லண்ணே, கெடைக்கல. முத்தம் வெறிச்சுன்னு இருக்குன்னு நடுவருங்க ஒரு வரி எழுதியிருந்தாங்க. மரத்தோட அனுப்பியிருந்தா கெடைச்சிருக்குமா, யார் கண்டா. அப்புறமும் ரெண்டு வருஷம் வரைஞ்சா, எல்லாம் சின்னச் சின்னதா, பயந்து பயந்து. இப்ப ஒரு ஆபீஸ்ல அடுத்தவங்க வரைபடத்தைச் சரிபாக்குறா.

இன்னைக்குக் காலையில அந்தப் பள்ளிக்கூடத்தை டிவியில காட்டுனாங்க. தொறந்துட்டாங்களாம். ரொட்டியப் பிச்சுக்கிட்டே பாத்தவ, நீ சொல்றதுக்கு முன்னாடி எனக்கே தெரிஞ்சிருக்கணும், எதையும் அளவுக்கு மீறி வெக்கிறதுதான் என் புத்தின்னா. கோவமெல்லாம் இல்ல. அடுத்தவங்களைப் பத்திச் சொல்ற மாதிரி சொன்னா. நான் கடைச் சாவிய எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

என்னது, கனமா? அந்தப் படமா?

இல்லண்ணே. அவ எங்கிட்ட வந்து கேக்குறதுக்கு முன்னாடியே, குளிக்கப் போயிருந்தப்ப, மூடியக் கழட்டிப் பாத்துட்டேன். இந்த எடத்தைச் சுத்தி போர்டு பழுப்பேறி இருந்துச்சு. தொட்டேன், வெரல் பொத்துப்போச்சு. வேகத்தையும் வோல்டேஜையும் பழைய அளவுக்கே எறக்கி வெச்சேன். நாலு ஸ்க்ரூதான். அவ தலையத் துவட்டிக்கிட்டு வர்றதுக்குள்ள மாட்டிட்டேன்.