கேரியர் வைக்காத வண்டி

"அப்போ என்னை எங்க குந்த வெப்பே, ஹேண்டில் பார்லயா?" என்று அந்தப் பெண் கேட்டதும்தான் திரும்பிப் பார்த்தேன். கொருக்குப்பேட்டையில் ரயிலேறிய கணவன் மனைவி. அவன் மடியில், பழைய ஃபாரின் மவுண்டன் பைக்கின் வெறும் இரும்பு ஃபிரேம்.

"இது மலையேற்ற வண்டிமே. கேரியர் வெச்சா கலீஜா பூடும்."

"நம்மூர்ல இன்னா மலை கீது?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "கொடுங்கையூர் குப்பமேடு கீதே."

"அதுல ஏறத்தான் ஃபோர்க்கு, வீலு, செயினுன்னு கடை கடையா சுத்திகினுகீறியா?"

சுற்றிலும் சிரித்தார்கள். திருவொற்றியூர் வந்தது. இறங்க எழுந்தவன் பேச்சிலும் இறங்கிவந்தான்.

"சரிமே, உனுக்காக ஒரு கேரியர் வெல்டிங் வெச்சிர்றேன்."

"வையி. நான் ஓட்றேன், நீ அதுல குந்திக்க."

அவன் ஃபிரேமை மார்போடு இறுக்கிக்கொண்டான்.