இருபது எண்ணும் பெட்டி

– வீணாப் பயப்படாதீங்க அத்தான். தம்பி தொட்டில்ல ஒறங்குதான். வயித்துல உங்க பெட்டியோட பட்டையைக் கட்டித்தான் போட்டிருக்கேன். மூச்சு நின்னா பெட்டி கத்தாதா?

– கத்தும், கிறிஸ்டி. எட்டு மாசத்துல பொறந்த புள்ளை, மூச்சு விட மறந்துருவான்னுதான அதைச் செஞ்சேன். பாலிடெக்னிக்ல உக்காந்து சோறு எறங்கல, அதான் போன் போட்டேன்.

– போன வாரம் ராத்திரிக்கு மூணு தடவை கத்துச்சு. இப்பம் சத்தமே காட்டல. சிவப்பு லைட்டு மட்டும் மினுக்குது.

– மினுக்குதா? எப்படி?

– மூணு தடவை மினுக்கும், அவிஞ்சிரும். பொறவு மறுபடியும் மூணு.

– ஏட்டி, அந்த மூணு மினுக்கு சுவிச்சு போட்டதும் ஒரே ஒரு தடவைதான் வரணும். பேட்டரிக்கட்டையை மாத்துனியா?

– மாத்துனேன். கடையில அண்ணாச்சி கட்டை இல்லைன்னுட்டாரு. டார்ச்சுல கெடந்த நாலையும் கழத்திப் போட்டேன். டார்ச்சு நல்லாத்தான எரிஞ்சுது?

– டார்ச்சு மங்கலாவாவது எரியும். இது அப்படியில்ல. கட்டையில வலு கொறைஞ்சா உள்ள எண்ணுத சில்லு, அந்த மைக்ரோகண்ட்ரோலர், செத்துச் செத்துப் பொழைக்கும். பொழைக்கும்போதெல்லாம் ஒண்ணுலேருந்து எண்ணும்.

– எண்ணட்டுமே.

– மூச்சு நின்னு இருபது எண்ணுனாத்தான் கத்தும். இப்பம் அஞ்சைத் தாண்டாது.

– அப்போ மூச்சு நின்னாலும்?

– கத்தாது. போனைக் கீழ வை. தொட்டிலுக்கு ஓடு. உள்ளங்காலைச் சுண்டு.

– இந்தா ஓடுதேன்.

– கிறிஸ்டி? கேக்குதா? கர்த்தாவே, ஏட்டி, என்னமாவது பேசு.

– இருக்கு அத்தான். மூச்சு இருக்கு. சுண்டுனேன், சிணுங்குதான்.

– மடியில வச்சுக்க. நெஞ்சுல வச்ச கையை எடுக்காத. பாபநாசம் பஸ்ல ஏறுதேன், வீடு வர ஒன்றரை மணி நேரம் ஆவும். கட்டையை எப்பம் மாத்துன?

– வியாழக்கெழமை.

– இன்னைக்குத் திங்கள். நாலு நாளா அதை நம்பி நாம அசந்து ஒறங்கியிருக்கோம்.

– அத்தான், சனிக்கெழமை டாக்டரம்மா கேட்டாங்கல்லா, பெட்டி கத்துதான்னு?

– கேட்டாங்க. ரெண்டு நாளா ஒரு தடவைகூடக் கத்தலன்னு நாந்தான் சொன்னேன்.

– அதைக் கேட்டுத்தான அத்தான், மூச்சு மறக்காம இருக்கக் குடுத்த மருந்தை அவங்க நிறுத்துனாங்க.