ஒன்பது முறை திரும்பி வந்த முதல் பக்கம்

பயனர் கையேட்டுப் பிரிவின் தலைமைப் பதிப்பாசிரியராக முப்பத்தோராண்டு பணியாற்றி இன்று பணிநிறைவு பெறும் அம்மையாருக்கு, பிரிவின் ஊழியர்கள் பெருமூச்சோடு வாசித்தளிக்கும் பாராட்டு மடல்

சிவப்பு மையின் சீற்றமே! பெயரடைகளின் பெரும்பகையே! ஓயாமல் திருத்தி எங்கள் உயிரை வாங்கிய உத்தமியே! வணக்கம்.

இந்த வரிகளைத் தாங்கள் இதற்குள் மனத்தில் அடித்துவிட்டிருப்பீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். இன்று ஒருநாள் பொறுத்தருள வேண்டும்.

வீட்டில் வைத்துப் பயன்படுத்தும் மூச்சுக்கருவியைச் செய்வது நிறுவனத்தின் வேலை. அதை எப்படி இயக்குவதென்று எழுதுவது எங்கள் வேலை. எழுதியதையெல்லாம் திருப்பி அனுப்புவது தங்கள் வேலை. யாருக்காக எழுதினீர்கள், அவர் எந்த நிலையில் இதைப் படிப்பார், படித்ததும் என்ன செய்ய வேண்டும் என்று ஓரத்தில் தாங்கள் கிறுக்கும் மூன்று கேள்விகளைப் பார்த்துப் பார்த்து எங்களுக்குக் கண் பூத்துப்போனது. ஒரு பத்தியில் இரண்டு செய்தி இருந்தால் நடுவில் கோடு விழும். ஒரே பொருளை ஒரு பக்கத்தில் 'குழாய்' என்றும் அடுத்த பக்கத்தில் 'நாளம்' என்றும் எழுதினால், எழுதியவரை அழைத்து இரண்டையும் கருவியில் தொட்டுக் காட்டச் சொல்வீர்கள். விடுப்பு விண்ணப்பத்தைக்கூட, எத்தனை நாள் என்பது மூன்றாம் வரியில் வருகிறது என்று திருப்பி அனுப்பினீர்களே, அம்மா! காய்ச்சலில் கிடந்தவர் எழுந்து உட்கார்ந்து திருத்தி எழுதினார்.

இதில் அதிகம் நொந்தவர் எங்கள் முதுநிலை எழுத்தாளர். அவர் வாக்கியம் தொடங்கினால் கடைசிப் பெட்டி கண்ணுக்குத் தெரியாது என்பதால் சரக்கு ரயில் என்று பெயர் வாங்கியவர். அபாய மணி ஒலித்தால் வீட்டார் செய்ய வேண்டியதைச் சொல்லும் முதல் பக்கத்தை அவர்தான் எழுதினார். மணியின் அமைப்பு, அதன் நுட்பம், அது ஒலிப்பதற்கான ஆறு காரணங்கள் என்று அழகாகப் போய், செய்ய வேண்டியது பதினேழாம் வரியில் வந்து சேர்ந்தது. ஒன்பது முறை திருப்பினீர்கள். அவர் கொதித்துப்போய் மேலாளரிடம் புகார் எழுதிக் கொடுத்தார். நீளமாக இருந்ததால் மேலாளர் அதைப் படிக்கவில்லை.

பிறகு அந்தச் சோதனை. அலுவலக வண்டி ஓட்டுநரைக் கருவியின் முன் உட்கார வைத்து மணியை அலறவிட்டீர்கள். தாளில் உள்ளதை மட்டும் அவர் செய்ய வேண்டும். எழுதியவர் கையைக் கட்டி நிற்க வேண்டும், வாய் திறக்கக் கூடாது. ஓட்டுநர் விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். சொல்லிவிடச் சரக்கு ரயிலுக்கு நாக்கு துடித்தது. தாங்கள் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னீர்கள்:

"நாலு நிமிஷம் ஆயிடுச்சுங்க. இவரு இன்னும் உங்க ரெண்டாவது பத்தியிலதான் இருக்காரு."

ஒரு வாரம் அவர் தங்களோடு பேசவில்லை. ஆனால் பக்கம் மூன்று வரியானது. குழாயைக் கழற்றுங்கள். காற்றுப்பையை மாட்டிக் கையால் அமுக்குங்கள். அமுக்கிக்கொண்டே உதவிக்குக் கூப்பிடுங்கள்.

எட்டு மாதம் கழித்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். எடுத்தவர் சரக்கு ரயில். மனைவியின் கருவி மதியம் நின்றுபோனதாம். கையேட்டைப் பிரித்து, அதில் இருந்தபடி செய்தாராம். அந்த அம்மா இப்போது எழுந்து உட்கார்ந்து பேசுகிறாராம். அழைத்தது நன்றி சொல்ல இல்லை.

"எழுத்து ரொம்பப் பொடியா இருக்குங்க. அந்த நேரத்துல கண்ணாடிய எங்க போய்த் தேடுறது?"

அதை ஒருவர் உட்கார்ந்து எழுதினார் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. தொலைபேசியை வைத்துவிட்டுச் சரக்கு ரயில் கழிவறையில் போய் அழுதார். தாங்களோ அறுபத்து நான்கு பக்கத்தையும் பெரிய எழுத்தில் மறுபடி அச்சுக் கோக்கச் சொன்னீர்கள். ஓர் ஆறுதல் வார்த்தை கிடையாது.

நாளை முதல் தங்கள் நாற்காலி அவருடையது. புதிய கருவியின் கையேடு மூன்று நாளாக அவர் மேசையில் கிடந்தது. 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் கையெழுத்திடப் பயந்தார். கடைசியாக ஒருமுறை தங்களிடம் காட்டிவிடலாம் என்று நாங்களும் சொன்னோம். இன்று காலை, காட்டாமலே கையெழுத்திட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டார். தாங்கள் கோபப்பட்டாலும் இனி அதை நிறுத்த முடியாது.

தாங்கள் நோயின்றி, நிறைந்த தூக்கத்தோடு நெடுங்காலம் வாழ வேண்டும். அந்தக் கையேட்டின் முதல் பக்கத்தை எந்த வீட்டிலும் எவரும் பிரிக்க நேராதிருக்க வேண்டும். நேர்ந்தால், அது உதவ வேண்டும்.

விட்டது தொல்லை என்ற மகிழ்ச்சியோடும், இனி யார் திருப்பி அனுப்புவார் என்ற கலக்கத்தோடும்,
பயனர் கையேட்டுப் பிரிவு ஊழியர்கள்