ஓர்வில் ஸ்டான்சிக்கின் கையெழுத்து

இந்த நாற்காலி வசதியாக இருக்கிறது சார். முதுகுவலிக்காரனுக்கு இது போதும்.

பேஸ்பால் வீரர்களின் படம் அச்சிட்ட பழைய அட்டைகளைச் சேர்ப்பவன் நான். அவற்றில் வீரர்களின் கையெழுத்து இருந்தால் எனக்குப் பிடிக்காது. மற்றவர்கள் துரத்தித் துரத்தி வாங்குவார்கள். எனக்கோ அது முகத்தில் கிறுக்கியதுபோல் இருக்கும். நான்கு மூலையும் கூராக, படம் சரியாக நடுவில், மேலே ஒரு புள்ளிகூட இல்லாமல் இருக்க வேண்டும். அப்படி ஒன்று கையில் கிடைத்தால் அன்று எனக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

ஓர்வில் ஸ்டான்சிக்கின் அட்டை அப்படிக் கிடைப்பதே இல்லை. அவர் எங்கள் ஜான்ஸ்டவுன்காரர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் ஒரே ஒரு பருவம் பெரிய லீகில் ஆடினார். ஒரு ரொட்டிக் கம்பெனி அவர் படத்தை ரொட்டிப் பொட்டலத்துக்குள் வைத்து விற்றது. அதனால் இருப்பதெல்லாம் எண்ணெய்க் கறை படிந்தவை. முப்பது வருடம் தேடினேன். சுத்தமானது ஒன்றுகூடச் சிக்கவில்லை.

போன ஏப்ரலில் அவர் வீட்டு நிலவறையில் ஒரு பெட்டி அகப்பட்டது. கம்பெனி அன்று அவருக்கென்றே கொடுத்த நாற்பது அட்டைகள். ரொட்டியைத் தொடாதவை. முதலில் என்னிடம்தான் காட்டினார். அவர் மனைவி காலமான பிறகு மளிகையும் மருந்தும் வாங்கிக் கொடுப்பது நான்தான். பெட்டியைப் பார்த்து அழுதேவிட்டேன்.

முன்பின் தெரியாதவர்கள் பழைய வீரர்களுக்குக் கடிதம் எழுதி, தபால்தலை ஒட்டிய உறையும் வைத்துக் கையெழுத்துக் கேட்பது அட்டை சேர்ப்பவர்களின் வழக்கம். ஓர்வில் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஓர் அட்டை அனுப்பத் தொடங்கினார். ஒவ்வொன்றின் முகத்திலும் நீலப் பேனா.

"வேற காகிதத்துல போட்டுக் குடுங்களேன்," என்றேன்.

"அட போடா. என் மூஞ்சி, என் பேனா. உனக்கு எங்கடா வலிக்குது?" என்று சிரித்தார். "இரு, உனக்கும் ஒண்ணு போட்டுத் தர்றேன். 'என் செல்ல டெல்மருக்கு'ன்னு."

போட்டும் கொடுத்தார். போகிற வழியில் அதை ஆற்றில் எறிந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை நான் போனபோது பதினேழு மிஞ்சியிருந்தன. சமையலறை மேசையில் பரப்பி வைத்து, பேனா மூடியைத் திறந்தார். அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். காபிக் கோப்பை சாய்ந்தது.

"டெல்மர்... மாத்திரை... நாக்குக்கு அடியில வெக்கிறது..."

குப்பி என் சட்டைப்பையில்தான் இருந்தது. சற்றுமுன் மருந்துக்கடையில் வாங்கி வந்தது. ஆனால் காபி அட்டைகளை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. என் இடத்தில் யார் இருந்தாலும் முதலில் அவற்றைத்தான் எடுத்திருப்பார்கள். எடுத்தேன். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் உறையில் இட்டேன். அவர் நாற்காலியிலிருந்து சரிந்து என் கால்சட்டையைப் பிடித்து இழுத்தார். கை ஆடிவிடுமே என்று பயந்தேன். "கொஞ்சம் பொறுங்க," என்று மரியாதையாகத்தான் சொன்னேன்.

பதினேழும் முடிந்தபோதும் அவருக்கு மூச்சு இருந்தது. அதை மறைக்க மாட்டேன். குப்பியைத் திறந்தேன். அப்போதும் பேனா அவர் விரலிடுக்கிலேயே இருந்தது. பிழைத்தால் மறுபடி எழுதுவார். குப்பியை மூடிப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் அதைப் பார்த்தார்.

கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள் சார். சான்றுக்கென்று எடுத்துவந்த அந்த அட்டைகளை உங்கள் ஆட்கள் ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். ஓரமெல்லாம் வெட்டுப்பட்டுவிடும். தயவுசெய்து அவிழ்த்துவிடச் சொல்லுங்கள். மனிதனுக்குக் கொஞ்சமாவது இரக்கம் வேண்டாமா?