ஆறுதல் சொல்லும் வேலை

எனக்குப் பெயர்கள் மறப்பதில்லை, சார். எங்கள் பீங்கான் ஆலையில் யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, யார் மகள் எந்த ஸ்கூலில் படிக்கிறாள், எல்லாம் மனதில் இருக்கும். எதுவானாலும் ஆதிலட்சுமி மேடத்திடம் சொல்லு என்பார்கள். மனிதவள மேலாளர் என்றால் அதுதான் வேலை என்று இருந்தேன்.

பிறகு எல்லாம் போனுக்குள் போய்விட்டது. லீவு கேட்க, சம்பளச் சீட்டு எடுக்க, புகார் சொல்ல, எதற்கும் ஓர் ஆப். ஆள் எடுப்பதுகூடச் சென்னையிலிருந்து வீடியோவில் நடந்தது. என் அறைக்கு யாரும் வருவதில்லை. முதலாளியின் மகன் நிலவன் ஒருநாள் கேட்டார், "தப்பா நெனைக்காதீங்க மேடம், இப்ப உங்களுக்கு இங்க என்னா வேலை இருக்குது?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஆலைக்குள் ரிவர்ஸில் வந்த லாரியில் நசுங்கி எங்கள் தொழிலாளி விருத்தகிரி செத்தார். அது தற்செயல். அதில் என் பங்கு எதுவும் இல்லை. கருவேப்பிலங்குறிச்சியில் இருக்கும் அவர் மனைவி மாரியம்மாளிடம் யார் போய்ச் சொல்வது என்று எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நான் போனேன். அவள் தலையை மடியில் போட்டுக்கொண்டேன். ஆலையைக் கொளுத்தக் கிளம்பிய சொந்தக்காரர்களைப் பேசி உட்கார வைத்தேன். திரும்பி வந்ததும் நிலவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லன்னா என்னா ஆயிருக்கும்" என்றார். தொழிலாளர்கள் மறுபடி என் அறைக்கு வந்தார்கள்.

ஆனால் மனிதர்கள் சீக்கிரம் மறக்கிறார்கள். மழைக்காலம் முடிவதற்குள் என் அறையைப் பாதியாகத் தடுத்து ஜெராக்ஸ் மெஷினை வைத்தார்கள்.

திருமால் நல்ல மனிதர். அவர்மேல் எனக்குக் கோபமே கிடையாது. மண் அரைக்கும் பெரிய இரும்பு உருளைக்குள் இறங்கி, மண்ணோடு உருண்டு அதை அரைக்கும் கற்களில் தேய்ந்துபோனவற்றைப் பொறுக்கி எடுப்பது அவர் வேலை. அவர் இறங்குமுன் எலக்ட்ரீஷியன் பிரவீன்குமார் யாரும் உருளையை ஓட்டிவிடாதபடி சுவிட்சுப் பெட்டியைப் பூட்டிவிடுவார். அதன் மாற்றுச் சாவி என்னிடம் இருந்தது. பாதுகாப்புக்காக நானே கேட்டு வாங்கியது. அன்று மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் போயிருந்தார்கள்.

"யாரு மேல?" என்று உள்ளேயிருந்து திருமால் கேட்டார்.

"நான்தான். சாப்பிடப் போவலையா?"

"தோ, இன்னும் கொஞ்சந்தான் மேடம். நீங்க சாப்ட்டீங்களா?"

சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் திறந்து சுவிட்சைப் போட்டேன்.

உருளை மெதுவாகத்தான் கிளம்பும். முதல் சுற்றில், மேடம் மேடம் என்று கூப்பிட்டார். பிறகு கற்களோடு கல்லாக விழுந்தார். உருளையின் திறந்திருந்த வாய் வழியே கல்லும் ரத்தமும் தெறித்தன. ஒரு கை வெளியே நீண்டு, விளிம்பில் சிக்கி, முறிந்து உள்ளே போயிற்று. நான் உடனே நிறுத்தவில்லை. பாதியில் நிறுத்தினால் உயிர் இருக்கும், அவருக்குத்தான் சிரமம். கற்களின் சத்தம் மட்டும் கேட்கத் தொடங்கிய பிறகு நிறுத்திவிட்டு, பெட்டியைப் பழையபடி பூட்டினேன்.

அவர் வீடு ஸ்ரீமுஷ்ணத்தில். மனைவி காவியா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சொன்னேன். என் தோளைக் கடித்துக்கொண்டு அழுதாள். தழும்பு இன்னும் இருக்கிறது. "மேடம், நீங்க வூட்டுக்குப் போவாதீங்க, என்கூடவே இருங்க" என்றாள். இருந்தேன். கஞ்சி ஆற்றி ஊட்டினேன். எந்த ஆப் அதைச் செய்யும்?

இன்று நானாக ஸ்டேஷனுக்கு வந்ததற்குக் காரணம் பிரவீன்குமார். பெட்டியைப் பூட்டாமல் போய்விட்டு, பிறகு வந்து பூட்டி மறைத்தார் என்று அவரைக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறீர்கள். அவர் பூட்டினார், சார். எங்கள் ஊழியர் ஒருவர்மேல் வீண்பழி விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. திருமாலைக் கொன்றது நான். பிரவீன்குமாரை வீட்டுக்கு அனுப்புங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். இதைக் காவியாவிடம் நீங்கள் போய்ச் சொல்லிவிடாதீர்கள். உங்களுக்குச் சொல்லத் தெரியாது. அவள் தாங்க மாட்டாள். என்னை ஜீப்பில் அழைத்துப் போங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, நானே பக்குவமாகச் சொல்கிறேன்.