உறுமி மட்டும் கேக்காத

இல்லம்மா, உறுமி மட்டும் வேணாம். வேற எது வேணும்னாலும் கேளு. மலாய் ஜோகெட் கேளு, கானா கேளு, சீனப் பாட்டு கேளு, மூணையும் ஒண்ணா அரச்சுக்கூட தரேன். அதான் நம்ம டிஜே தொழிலே.

எங்க கத்துக்கிட்டேனா? சிரிக்காத. எங்கப்பா சுங்கை ஊடாங்ல ஃபேக்டரி வேன் ஓட்டுனாரு. ஸ்கூல் லீவுல நான் முன்சீட்டுல ஏறிக்குவேன், கேசட் மாத்துறது என் வேல. பின்னால மலாய் அக்காங்க, சீன அங்கிளுங்க, நம்ம ஆளுங்க. ஒரு பாட்டு முழுசா ஓடுனா மத்த ரெண்டு பக்கமும் திட்டு விழும். அதனால எதையும் பாதியில நிறுத்தி அடுத்தத போட்டுருவேன். இன்னிக்கும் அதேதான் செய்றேன், பேரு மட்டும் மிக்ஸிங்லா. போன மாசம் ஒரு யூடியூப் பையன் மைக்க நீட்டி, உங்க இன்ஃப்ளூயன்ஸ் யாருண்ணான்னு கேட்டான். திட்டுன ஆளுங்கதான்னு சொன்னேன். அவன் அத போடவே இல்ல.

பேரும் அப்படித்தான். திவாகர்ங்கிறத ஸ்டைலா டிஜே திவான்னு போட்டேன். பொம்பள டிஜேன்னு நெனச்சு நாலு கல்யாண வீடு புக் பண்ணுச்சு. என்னப் பாத்ததும் அவங்க மூஞ்சி போன போக்கு இருக்கே.

கம்ப்யூட்டர்ல ஸ்பீடு நம்பர் காட்டும், அதெல்லாம் நான் பாக்கறதில்ல. அத்தைங்களத்தான் பாப்பேன். கையில இருக்கற தட்ட நாற்காலியில வச்சிட்டாங்கன்னா பாட்டு சரி. வைக்கலியா, அடுத்தது. இருவது வருஷ வித்த இவ்ளோதான்.

நியாலாஸ் கல்யாணக் கதையா? அது உனக்கும் வந்துருச்சா? சரி, மலாக்காவுலயே தெரியாத ஆளு இல்ல.

அனுசியான்னு ஒரு பொண்ணு. மறுநாள் காலையில கோயில்ல தாலி, மொத நாள் சாயந்தரம் அந்த ஊரு டேவான் ஹால்ல நலங்கு. ஜோகெட் ஓடிக்கிட்டு இருக்கு. ஜோகெட்டும் உறுமியும் ஒரே நட, ரெண்டும் நொண்டிக்கிட்டே ஓடும். அடியில மெதுவா உறுமிய ஏத்துனேன், எவனுக்கும் மாறுனதே தெரியல. அப்படி ஒரு மிக்ஸ் அதுக்கு முன்னயும் போட்டதில்ல, பின்னயும் போட்டதில்ல. தட்டெல்லாம் கீழ போச்சு. அப்பறம் பாத்தா கல்யாணப் பொண்ணு தலமுடிய விரிச்சுப் போட்டுக்கிட்டு நிக்குது. சாமி வந்துருச்சு.

கோயில்ல வந்தா பூசாரி இருப்பாரு, எலுமிச்ச இருக்கும். அங்க ஐஸ்கிரீம்தான் இருந்துச்சு. பெரியப்பா ஒருத்தரு நிறுத்துடான்னு ஓடியாந்தாரு. நான் ஹெட்ஃபோன் போட்டுருந்தேன்ல, கேக்கல. அவங்கப்பா, வீட்டுல யாரு பேச்சையும் காதுல வாங்காத மனுஷன், பொத்துன்னு கால்ல விழுந்து என்ன தாயி வேணும்னு கேட்டாரு. இந்தக் கழுத்துல அந்தத் தாலி ஏறக்கூடாதுன்னு சொல்லுச்சு. மூணு தடவ. அவ்ளோதான், கல்யாணம் நின்னுருச்சு.

சாமிய யாரு திட்டுவா? என்னத்தான் திட்டுனாங்க. கூறுகெட்டவன், எங்க எத போடணும்னு தெரியாதவன்னு. ரெண்டு வருஷமா பாதி புக்கிங் போச்சு. இப்ப பர்த்டேக்கு பலூன் ஊதக்கூட கூப்புடறாங்க, போறேன். இந்த நெலமையில நீ வந்து அதே மிக்ஸ் வேணுங்கற. இன்னொரு கல்யாணம் என் கையால நின்னா ரெம்பியா பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில சோளம்தான் விக்கணும்.

என்னம்மா, வேற பாட்டே வேணாமா? லிஸ்ட்டு கொண்டாரலியா? புக் பண்ண வர்றவங்க ஜோடியா வருவாங்க, பாட்டுக்குச் சண்ட போடுவாங்க. நீ தனியா வந்துருக்க. மாப்பிள்ளைக்கு என்ன பாட்டு புடிக்கும்னு ரெண்டு தடவ கேட்டேன், தெரியாதுங்கற.

வேணாம்னு வீட்டுல சொல்லிப் பாத்தியா?

ம்.

கேக்கலியா? அம்மாகிட்ட?

அழாதம்மா. பாக்கறவன் நான்தான் ஏதோ சொல்லிட்டேன்னு நெனப்பான், இருக்கற பேரே போதும்.

சரி, கேளு. இத நான் என் பொண்டாட்டிகிட்டகூட சொன்னதில்ல. அனுசியாவும் நலங்குக்கு மூணு நாளு முன்ன தனியாத்தான் வந்துச்சு, இதே கடைக்கு. கேக் வெட்டுனதும் உறுமி வேணும்ண்ணே, யாரு வந்து சொன்னாலும் நிறுத்தாதீங்கன்னுச்சு. எதுக்குன்னு நான் கேக்கல. அன்னிக்கு வந்தது சாமிதானான்னு இன்னிக்கு வரைக்கும் கேக்கல. அந்தப் பொண்ணு தன் வாயால சொல்லி எவனும் கேக்கல, அது மட்டும் எனக்குத் தெரியும்.

பயமாத்தான் இருக்கு எனக்கு. இருந்துட்டுப் போகுது.

அனுசியாவுக்கு எட்டு நிமிஷ உறுமி பத்துச்சு. உனக்கு எவ்ளோ வேணும், சொல்லு.